வாய்க்கால் தூர் எடுத்தாயிற்று, குழு தூர்ந்துவிட்டது

வாய்க்கால்மேடு
மார்ச் 2, இரவு 9.52

வணக்கம். ஊர்ப் பெயரைச் சொல்ல விரும்பவில்லை. நீடாமங்கலம் மூணாறு தலைப்பில் வெண்ணாறும் கோரையாறும் பாமணியாறும் பிரிகின்றன அல்லவா, அதற்குக் கீழே எங்கேயோ ஒரு பி வாய்க்கால், அதாவது கிளை வாய்க்கால், என்று வைத்துக்கொள்ளுங்கள். நீளம் ஆறு கிலோமீட்டர், நான்கு ஊர்கள்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒன்பது பேர் சேர்ந்து ஞாயிற்றுக்கிழமைகளில் ஆகாயத்தாமரையைக் கையால் இழுத்துப் போட ஆரம்பித்தோம். பிறகு 43 பேர் ஆனோம். போன மே மாதம் உள்ளூரிலும் வெளிநாட்டில் இருக்கும் நம் பிள்ளைகளிடமும் 1,86,400 ரூபாய் திரட்டி, ஹிட்டாச்சி (மண் தோண்டும் இயந்திரம்) வைத்து 11 நாள் தூர் வாரினோம். ஜூன் 12ல் மேட்டூர் திறந்தார்கள், குறுவைக்குத் தண்ணீர் வந்தது. அன்று எல்லோருக்கும் சந்தோஷம்தான்.

அதற்குப் பிறகு வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் டீசல் செலவைப் பற்றிக் கேட்டார். ஒரு மாதிரிக் கேட்டார். பேச்சு வளர்ந்தது. நாலாவது ஊர்க்காரர்கள் 14 பேர் மொத்தமாக ஒதுங்கிவிட்டார்கள். அணையை ஜனவரி 28ல் மூடுவது வழக்கம், அடுத்த தண்ணீர் வருவதற்குள் ஏப்ரல், மே இரண்டு மாதம்தான் வேலை செய்ய முடியும். ஆகாயத்தாமரையும் நெய்வேலிக் காட்டாமணக்கும் பழையபடி மூடிவிட்டன. போன வாரம் கூட்டம் போட்டேன். வந்தவர்கள் ஏழு பேர், அதில் ஐந்து பேர் என் தெரு.

பணம் ஒரு ரூபாய்கூட வீணாகவில்லை. பில் எல்லாம் இருக்கிறது. மண்ணைக்கூட வெளியே விடாமல் கரையிலேயே போட்டோம். அப்படியிருந்தும் நம்பிக்கை போய்விட்டது. இந்த மாதிரிக் குழுக்களில் இருந்தவர்கள் எப்படி மீண்டு வந்தீர்கள்?

பழையசோறு
மார்ச் 2, இரவு 10.15

பில் எங்கே இருக்கிறது? உங்கள் வீட்டுப் பீரோவிலா?

வாய்க்கால்மேடு
மார்ச் 2, இரவு 10.21

ஆமாம், என்னிடம்தான். யார் கேட்டாலும் காட்டுவேன்.

பழையசோறு
மார்ச் 2, இரவு 10.24

ஒருவர் கேட்டாரே. காட்டினீர்களா?

நாத்தங்கால்
மார்ச் 3, காலை 5.40

மாடு கறந்துவிட்டு எழுதுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் மகளிர் குழுவில் 16 பேர். பதினோரு வருஷமாக உடையாமல் இருக்கிறது. நாங்கள் எல்லோரும் உத்தமிகள் என்று நினைத்துவிடாதீர்கள். எனக்கும் பக்கத்து வீட்டு அக்காவுக்கும் வேலித் தகராறு, இரண்டு வருஷம் முகம் பார்க்கவில்லை. ஆனால் குழுப் பணம் எடுக்க அவள் கையெழுத்தும் வேண்டும், என் கையெழுத்தும் வேண்டும். முகத்தைத் திருப்பிக்கொண்டே இரண்டு பேரும் ஒரே ஆட்டோவில் வங்கிக்குப் போய் வந்தோம்.

யாராவது கேட்டால் கணக்குக் காட்டுவது என்பதே எங்களிடம் கிடையாது. கேட்கிறவள் மற்றவர்கள் கண்ணுக்குச் சந்தேகக்காரி ஆகிவிடுவாள் அல்லவா? அதனால் யாரும் கேட்காமலே ஒவ்வொரு கூட்டத்திலும் தீர்மானப் புத்தகத்தை விரித்து, ஒருத்தி வாசிப்பாள், மற்றவர்கள் கேட்டுக்கொண்டே பூக் கட்டுவார்கள். பாதிப் பேர் காதில்கூட வாங்க மாட்டார்கள். பரவாயில்லை, வாசிக்க வேண்டும்.

தம்பி, உங்கள் 43 பேரில் பெண்கள் எத்தனை பேர்?

வாய்க்கால்மேடு
மார்ச் 3, காலை 8.05

அக்கா, குழுவில் பெண்கள் நான்கு பேர். வேலை நடந்த நாட்களில் சமையல் பொறுப்பை அவர்கள்தான் எடுத்துக்கொண்டார்கள்.

நாத்தங்கால்
மார்ச் 3, காலை 8.11

எடுத்துக்கொண்டார்களா, கொடுத்தீர்களா? ஆகாயத்தாமரையை இடுப்பளவு தண்ணீரில் நின்று இழுத்தது யார் என்று எனக்குத் தெரியாதா? நூறு நாள் வேலையில் நாங்களும் இழுத்தவர்கள்தான். சரி, இதை அப்புறம் பேசுவோம்.

கடைமடைக்காரன்
மார்ச் 3, மதியம் 1.30

நான் தலைஞாயிறு பக்கம். எங்களுக்குக் கீழே கடல்தான். காவிரி எங்களுக்கு வந்து சேரும்போது பெயர் மட்டும்தான் மிச்சம் இருக்கும்.

வாய்க்கால்மேடு, டீசல் பில்லைப் பிறகு தேடலாம். முதலில் ஒரு கேள்வி. 11 நாள் ஹிட்டாச்சி ஓடியது என்றீர்கள். எங்கே ஆரம்பித்தீர்கள்? நாலாவது ஊரில் எத்தனை மணி நேரம் ஓடியது?

ஏன் கேட்கிறேன் என்றால், தலைப்பில் இருக்கிறவனுக்குத் தன் மதகு வரைக்கும் வாய்க்கால் சுத்தமானால் போதும். அதற்குக் கீழே எக்கேடு கெட்டாலும் அவன் வயலில் தண்ணீர் ஏறும். அவன் கெட்டவன் இல்லை, அவனுக்குத் தேவை தீர்ந்துவிட்டது, அவ்வளவுதான். எங்களுக்கோ மேலே உள்ள ஒவ்வொருவரும் மனசு வைத்தால்தான் தண்ணீர். ஐப்பசி, கார்த்திகையில் இதே கதை தலைகீழ். மேலே இருக்கிறவர்கள் வயலில் நிற்கும் மழைத் தண்ணீரை ராத்திரியோடு ராத்திரியாக வெட்டிவிடுவார்கள், சம்பாப் பயிர் எங்கள் வயலில் முங்கும். வேண்டும் என்கிறபோது வராது, வேண்டாம் என்கிறபோது வீட்டுக்குள் வரும். பாசன வாய்க்காலைப் பற்றி மட்டும் பேசும் குழுவை எங்கள் பக்கம் யாரும் நம்ப மாட்டார்கள். வடிகாலையும் சேர்த்துப் பேசுங்கள்.

கஜா புயல் நினைவிருக்கும், 2018 நவம்பர் 16. தென்னை எல்லாம் சாய்ந்த பிறகு, 2019ல் பேராவூரணிப் பெரிய குளத்தை அந்தப் பகுதி இளைஞர்கள் மக்களிடம் பணம் திரட்டித் தூர் வாரினார்கள். 564 ஏக்கர் குளம். நான் போய்ப் பார்த்தேன். எனக்குத் தோன்றிய காரணம் இது: குளத்துக்குத் தலைமடை, கடைமடை சண்டை குறைவு, எல்லோரும் ஒரே கரையில் நிற்கலாம். வாய்க்கால் அப்படி இல்லை. ஆறு கிலோமீட்டர் நீளத்துக்குப் பொறாமை ஓடும்.

கடல்கடந்தவன்
மார்ச் 3, மாலை 6.48

சிங்கப்பூரிலிருந்து எழுதுகிறேன். இந்த மாதிரி நிறையப் பேருக்குப் பணம் அனுப்பியிருக்கிறேன், உங்களுக்கும்கூட அனுப்பியிருக்கலாம். ஒரு எக்செல் பொதுவில் வையுங்கள். தினமும் வேலை தொடங்கும் முன்னும் முடிந்த பின்னும் ஒரே இடத்தில் நின்று படம் எடுங்கள். டிரோன் வாடகைக்குக் கிடைக்கிறது. வெளிப்படைத்தன்மை வந்தால் நம்பிக்கை தானாக வரும்.

பழையசோறு
மார்ச் 3, மாலை 7.02

அண்ணே, டிரோனில் ஆகாயத்தாமரை தெரியும். மச்சான் வீட்டு மனையில் கொட்டிய மண் தெரியுமா? பொதுவாகத்தான் கேட்கிறேன், யாரையும் சொல்லவில்லை.

கல்வெட்டுப்பிரியன்
மார்ச் 3, இரவு 9.30

உத்திரமேரூர் பேச்சு இன்னும் வரவில்லையே என்று பார்த்தேன். நானே கொண்டுவருகிறேன். தொண்டை நாட்டு ஊர், நம் டெல்டா இல்லை. ஆனால் கல்வெட்டு சோழன் முதலாம் பராந்தகன் காலத்தது, 919, 921ஆம் ஆண்டுகள். ஏரியைப் பார்த்துக்கொள்ளும் குழுவான ஏரி வாரியத்துக்குக் குடவோலையில் ஆள் எடுத்தார்கள், பதவி 360 நாள். எல்லோரும் மேடையில் சொல்வது இதுவரைதான். எனக்குப் பிடித்தது அடுத்த விதி: முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் மறுபடி நிற்க முடியாது, அவருடைய நெருங்கிய உறவினரும் நிற்க முடியாது. ஆயிரத்து நூறு வருஷத்துக்கு முன்பே மச்சானை யோசித்திருக்கிறார்கள்.

ஆனால் பெருமையை அளவோடு வைத்துக்கொள்வோம். அந்த ஓலையில் பெயர் எழுத நிலமும் சொந்த மனையில் வீடும் வேதப் படிப்பும் வேண்டும். ஏரியில் மண் சுமந்தவன் பெயர் குடத்துக்குள் போகாது. ஊர்க்காரர்களே ஏரி, வாய்க்காலைச் செப்பனிடும் குடிமராமத்தும் அப்படித்தான். ஊர் கூடித் தேர் இழுத்த மாதிரி இப்போது பேசுகிறோம். 1858ல் ஆங்கிலேய அரசு அதைக் கட்டாய உழைப்புச் சட்டமாகவே போட்டது. வெட்டியவர் ஒருவர், பாய்ச்சியவர் இன்னொருவர் என்ற ஊர்கள் உண்டு. நாலாவது ஊர்க்காரர் மனசில் அந்தக் கணக்கும் இருக்கலாம். உங்கள் நாலாவது ஊர் எந்தத் தெரு என்று நான் கேட்கப் போவதில்லை. நீங்களே கேட்டுக்கொள்ளுங்கள்.

வாய்க்கால்மேடு
மார்ச் 4, காலை 7.15

எல்லோருக்கும் நன்றி. கடைமடைக்காரன் அண்ணன் கேள்விக்கு முதலில் பதில். தலைப்பிலிருந்துதான் ஆரம்பித்தோம். எப்போதும் அப்படித்தானே. கடைசி ஒன்றரைக் கிலோமீட்டருக்கு இரண்டு நாள் ஒதுக்கியிருந்தோம். நடுவில் ஹைட்ராலிக் ஹோஸ் வெடித்ததால் கொஞ்சம் நேரம் போனது.

கணக்கு இது: 88 மணி நேரம், மணிக்கு 1,500 வீதம் 1,32,000. ஹிட்டாச்சியை ஏற்றிவந்து இறக்கிய லாரி 14,000. சாப்பாடு 21,300. டீசல் 11,500. மொத்தம் 1,78,800. மிச்சம் 7,600 என் கணக்கில் அப்படியே இருக்கிறது. மறைக்க எதுவும் இல்லை.

மூன்றாம்மதகு
மார்ச் 4, இரவு 8.37

இந்த இழையை நண்பர் ஒருவர் அனுப்பினார். இரண்டாவது பத்தியிலேயே எங்கள் வாய்க்கால் என்று தெரிந்துவிட்டது. ‘ஒரு மாதிரிக் கேட்ட’ ஆள் நான்தான்.

நான் கேட்டது ஒரே வரி. ஹிட்டாச்சி வாடகை டீசலோடு சேர்த்துத்தானே பேசினோம், அப்புறம் தனியாக டீசல் 11,500 எதற்கு? அவ்வளவுதான். இரவு 9 மணிக்குக் கேட்டேன். பத்தரைக்குக் குழுவில் அட்மின்கள் மட்டும்தான் செய்தி போட முடியும் என்று மாற்றிவிட்டார்கள். இதை நீங்கள் இங்கே எழுதவில்லை.

இன்னொன்றும் எழுதவில்லை. இரண்டு நாள் ஒதுக்கியதாகச் சொல்கிறீர்கள். எங்கள் ஊர் எல்லைக்குள் ஹிட்டாச்சி ஓடியது ஒன்பது மணி நேரம். நான் கரையிலேயே உட்கார்ந்திருந்தேன், நேரம் குறித்து வைத்திருக்கிறேன். மூன்றாவது மதகுக்குக் கீழே நீளத்தில் கால் பங்கு, நேரத்தில் பத்தில் ஒரு பங்கு. ஹோஸ் வெடித்தது எங்கள் ஊரில், ஆனால் நேரத்தை ஈடுகட்டியது யார் ஊரில்? 14 பேர் கோபித்துக்கொண்டு போகவில்லை. எங்களுக்கு அங்கே வேலை இல்லை என்று புரிந்துகொண்டு போனோம்.

நீங்கள் திருடினீர்கள் என்று நான் எங்கேயும் சொன்னதில்லை. இப்போதும் சொல்லவில்லை.

பழையசோறு
மார்ச் 4, இரவு 8.50

சரி. நான் வாயை மூடிக்கொள்கிறேன்.

கடைமடைக்காரன்
மார்ச் 4, இரவு 9.20

ஒன்பது மணி நேரம்! எங்கள் ஊராக இருந்தால் வரப்பிலேயே சண்டை நடந்திருக்கும். நீங்கள் ஒரு வரி கேட்டிருக்கிறீர்கள், பொறுமைசாலி.

ஷட்டர்சாவி
மார்ச் 5, காலை 10.10

பொதுப்பணித் துறையில் லஸ்கராக, அதாவது ஷட்டரைத் திறந்து மூடும் ஊழியராக, 31 வருஷம். இப்போது அதை நீர்வளத் துறை என்கிறார்கள். நான் சொல்லச் சொல்லப் பேத்தி தட்டுகிறாள். நடுநடுவே சிரிக்கிறாள்.

2003 வாக்கில் தண்ணீர் இல்லாத வருஷம். முறை வைத்து விட்டோம். மேல் ஊருக்கு மூன்று நாள், கீழ் ஊருக்கு மூன்று நாள். மேல் ஊர் முறை முடிந்த ராத்திரி ஷட்டரை இறக்கிவிட்டு வீட்டுக்குப் போனால், விடியும்போது அரை அடி ஏறியிருக்கும். யார் தூக்கியது? யாருமில்லை. கொரம்பு, அதாவது வாய்க்கால் குறுக்கே போடும் தற்காலிகத் தடுப்பு, தானாக முளைத்திருக்கும். கீழ் ஊர்க்காரர்கள் என்னைத்தான் திட்டினார்கள், காசு வாங்கிவிட்டேன் என்றார்கள்.

அப்போது எங்கள் செக்‌ஷன் ஆபீசர் ஒரு வேலை செய்தார். ரெகுலேட்டர் (ஷட்டர்கள் இருக்கும் தடுப்பு) மேடையில் ராத்திரிக் காவலுக்கு மேல் ஊரில் ஒருவர், கீழ் ஊரில் ஒருவர், இரண்டு பேரும் ஒரே இடத்தில் படுக்க வேண்டும். ஷட்டர் சாவி இரண்டு பேருக்கும் நடுவில். ஒருவரை ஒருவர் நம்பாததால்தான் இந்த ஏற்பாடு. முதல் ராத்திரி பேசவில்லை. இரண்டாம் ராத்திரி கொசுக்கடியில் ஒரு பீடிக்கட்டைப் பகிர்ந்துகொண்டார்கள். எட்டாம் நாள் நான் சாவியைக் கேட்டபோது, இருக்கட்டும் லஸ்கர், நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்றார்கள். எனக்கே சாவி தரவில்லை.

இப்போது உங்கள் விஷயம், தம்பி வாய்க்கால்மேடு. மூன்று கேட்கிறேன்.

ஒன்று. எவ்வளவு ஆழம் எடுத்தீர்கள், எதை வைத்து அளந்தீர்கள்? தூர் வாருவது வேறு, ஆழப்படுத்துவது வேறு. வாய்க்கால் தரை மதகின் அடிமட்டத்துக்குக் கீழே போய்விட்டால் பள்ளத்தில் தண்ணீர் நிற்கும், வயலுக்கு ஏறாது. மணிக் கணக்கில் வாடகை கொடுத்தால் ஓட்டுநர் தோண்டிக்கொண்டேதான் இருப்பார். மண்வேலையில் அந்தக் காலத்தில் நடுநடுவே ஒரு சின்னத் திட்டை வெட்டாமல் விடுவோம். எவ்வளவு வெட்டினோம் என்பதற்கு அந்தத் திட்டுதான் சாட்சி. அளவு எடுத்த பிறகுதான் அதைக் கரைப்போம். நீங்கள் எத்தனை சாட்சி விட்டீர்கள்?

இரண்டு. ஏன் தலைப்பில் ஆரம்பித்தீர்கள்? அடியில் ஆரம்பித்து மேலே வாருங்கள். பணம் தீர்ந்தால் தலைப்புக்காரர் தன் பங்குக்கு எப்படியாவது திரட்டிவிடுவார், அவருக்குத் தேவை இருக்கிறது. அடியில் தீர்ந்தால் யார் தருவார்?

மூன்று. எல்லா மண்ணையும் கரையில் போட்டதாக எழுதியிருக்கிறீர்கள். ஹிட்டாச்சி வாடகையில் டீசலும் அடக்கம் என்று அந்தத் தம்பி சொல்கிறார். அப்படியானால் 11,500 டீசலைக் குடித்தது டிராக்டராகத்தான் இருக்க வேண்டும். மண் கரையில் கிடந்தால் டிராக்டருக்கு என்ன வேலை?

வாய்க்கால்மேடு
மார்ச் 6, இரவு 11.40

இரண்டு நாளாக எழுதவில்லை. எழுத முடியவில்லை என்பதுதான் உண்மை.

அய்யா கேட்டது சரி. டிராக்டர்தான். இரண்டாவது ஊரில் வாய்க்கால் ஓரம் வீடுகள் நெருக்கம், கரையில் மண் போட இடம் இல்லை. டிராக்டரில் அள்ளி, கீழே கரை பலவீனமான இடத்தில் கொட்டினோம். அதற்கான டீசல். அது பொய் இல்லை.

ஆனால் ஒரு நாள் சாயங்காலம் மழை, டிராக்டர் கீழே இறங்க முடியவில்லை. ஓட்டுநர் எங்கே கொட்டட்டும் என்றார். பக்கத்தில் என் தாய்மாமாவின் மனை பள்ளமாகக் கிடந்தது. எட்டு லோடு அங்கே போனது. நான்தான் சரி என்றேன். அன்று அது பெரிய விஷயமாகப் படவில்லை, மண்ணை எங்கேயாவது கொட்ட வேண்டுமே என்றிருந்தது. டீசல் கேள்வி வந்த ராத்திரிதான், டீசலைச் சொன்னால் டிராக்டரைச் சொல்ல வேண்டும், டிராக்டரைச் சொன்னால் மனையைச் சொல்ல வேண்டும் என்று புரிந்தது. குழுவைப் பூட்டினேன்.

இங்கே முதல் பதிவிலும் மண் வெளியே போகவில்லை என்று எழுதினேன். எழுதும்போது அந்த எட்டு லோடு நினைவில் இல்லாமல் இல்லை.

மூன்றாம்மதகு, உங்களிடம் நேரில் சொல்லியிருக்க வேண்டும். இங்கே முகம் தெரியாத இடத்தில் சொல்வது சுலபமாக இருக்கிறது, அதுவும் தெரிகிறது.

ஆழத்துக்கு அளவு எதுவும் எடுக்கவில்லை. சாட்சியும் விடவில்லை.

கல்வெட்டுப்பிரியன்
மார்ச் 7, காலை 6.20

எழுதியதற்கு மதிப்பு உண்டு. ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். வாய்க்கால் மண் அரசாங்க மண். 1959ஆம் ஆண்டுச் சிறுகனிம விதிகள் இருக்கின்றன. விவசாயத்துக்கு வண்டல் எடுப்பதானாலும் வட்டாட்சியர் அலுவலகத்தில் அனுமதி வாங்க வேண்டும். சேவை என்று சொன்னால் விதி தளராது. இனி மண் நகர்வதாக இருந்தால் காகிதம் கையில் வைத்துக்கொண்டு நகர்த்துங்கள். நீங்கள் பொறுப்பிலிருந்து விலகுவதும் நல்லது என்பது என் கருத்து.

நாத்தங்கால்
மார்ச் 7, காலை 6.55

விலகச் சொல்லாதீர்கள். தப்புச் செய்தவன் விலகிப் போனால் அவனுக்கு நிம்மதி, குழுவுக்கு என்ன? எங்கள் குழுவில் ஒருத்தி 3,000 ரூபாயைத் தாமதமாகக் கட்டினாள், பொய் சொன்னாள். பணம் அவள் கைக்குப் போகாதபடி செய்தோம், ஆனால் கூட்டத்துக்கு வர வேண்டும், கணக்கு வாசிக்கும்போது உட்கார்ந்து கேட்க வேண்டும். நாலு மாதம் தலை குனிந்து உட்கார்ந்திருந்தாள். இப்போது அவள்தான் எங்கள் கணக்கை வாசிக்கிறாள், குரல் கணீர் என்று இருக்கும்.

தம்பி, 7,600 ரூபாயை இன்றைக்கே உங்கள் தனிக் கணக்கிலிருந்து எடுங்கள். ஊருக்கு ஒரு ஆள், இரண்டு கையெழுத்து, குழுவுக்கென்று வேறு கணக்கு. கையெழுத்துப் போடும் இரண்டு பேரும் வெவ்வேறு ஊர். ஒருவர் பெண்.

கடல்கடந்தவன்
மார்ச் 7, காலை 9.10

என் டிரோனை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். காவிரிக் குடும்பம் பற்றிச் சொல்லலாமா? 2003ல் சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தின் முயற்சியில் கர்நாடக விவசாயிகளும் நம் விவசாயிகளும் ஒன்றாக உட்கார்ந்தார்கள். நடுவர் மன்றமும் நீதிமன்றமுமாக இரண்டு பக்கமும் கொதித்த காலம். அவர்கள் இங்கே வந்து நம் வயலைப் பார்த்தார்கள், நம்மவர்கள் அங்கே போய் அவர்கள் வயலைப் பார்த்தார்கள். பங்கீடு கடைசியில் 2018ல் உச்ச நீதிமன்றத்தில்தான் முடிந்தது, 177.25 டிஎம்சி என்று. அதனால் குடும்பம் சாதித்தது என்ன என்று கேட்கலாம். இருந்தாலும் ஒருவர் வயலை ஒருவர் நடந்து பார்த்தார்கள் என்பது எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. நீங்கள் நான்கு ஊர்க்காரர்களும் ஆறு கிலோமீட்டரையும் ஒன்றாக நடந்திருக்கிறீர்களா?

வாய்க்கால்மேடு
மார்ச் 7, காலை 9.32

இல்லை. நான் மூன்றாவது மதகுக்குக் கீழே மொத்தம் நான்கு முறை போயிருப்பேன். எல்லாம் பைக்கில்.

மூன்றாம்மதகு
மார்ச் 7, மதியம் 12.05

படித்தேன். உடனே பதில் எழுதினால் வேறு மாதிரி எழுதியிருப்பேன், அதனால் குளித்துவிட்டு வந்து எழுதுகிறேன்.

எட்டு லோடு எனக்கு முன்பே தெரியும். உங்கள் மாமா மனை மெயின் ரோட்டில் இருக்கிறது, பள்ளம் மேடானது ஊருக்கே தெரியும். நீங்கள் சொல்வீர்களா என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தோம்.

நாளை ஞாயிறு. நடக்கலாம். எங்கள் ஊர் அடியிலிருந்து ஆரம்பித்து மேலே போகலாம். காலை 6 மணி. அலவாங்கும் அளவு நாடாவும் கொண்டுவாருங்கள். நோட்டை நான் வைத்துக்கொள்கிறேன், எழுதுவது நான். அட்மின் விஷயத்தை இப்போதே மாற்றுங்கள், நடந்து முடித்த பிறகு என்று சொல்லாதீர்கள்.

கட்சிக்காரர் ஒருவர் இந்த முறை டீசலுக்குத் தருகிறேன் என்று உங்களிடம் பேசியதாகக் கேள்விப்பட்டேன். தேர்தல் நேரத்தில் அந்த பேனர் எங்கள் மதகில் தொங்கினால் 14 பேரில் ஒருவர்கூட வர மாட்டார்கள்.

வாய்க்கால்மேடு
மார்ச் 7, மதியம் 12.11

மாற்றிவிட்டேன். குழுவில் யார் வேண்டுமானாலும் எழுதலாம். முதல் செய்தியாக எட்டு லோடு விஷயத்தை நானே போட்டிருக்கிறேன். கட்சிக்காரரிடம் வேண்டாம் என்று சொல்லிவிடுகிறேன். ஆறு மணிக்கு வருகிறேன்.

ஷட்டர்சாவி
மார்ச் 7, மாலை 5.00

மதகின் அடிக்கல்லைத் தேடுங்கள். சேற்றுக்குள் இருக்கும், கையை விட்டுத் தடவினால் தட்டுப்படும். அதிலிருந்து அளங்கள். கரையிலிருந்து அளக்காதீர்கள், கரையை ஆளாளுக்கு உயர்த்தியிருப்பார்கள். எனக்கு முழங்கால் வலி, இல்லையென்றால் பஸ் ஏறியிருப்பேன்.

நாத்தங்கால்
மார்ச் 8, இரவு 7.30

நடந்தீர்களா, இல்லையா? யாராவது ஒருவர் எழுதுங்கள்.

மூன்றாம்மதகு
மார்ச் 8, இரவு 10.18

நடந்தோம். எங்கள் ஊரிலிருந்து 14 பேரில் ஐந்து பேர், மேலே மூன்று ஊரிலிருந்து ஒன்பது பேர். பெண்கள் மூன்று பேர். அதில் ஒரு பாட்டி, அவர்தான் அடிக்கல் இருக்கும் இடத்தைக் காலால் காட்டினார்.

நோட்டில் உள்ளபடி: கடைசி மதகில் அடிக்கல்லுக்கு மேலே இரண்டே கால் அடி வண்டல். மூன்றாவது மதகில் ஒன்றரை அடி. இரண்டாவது ஊரில் மட்டம் சரியாக இருக்கிறது. முதல் ஊரில் தரை அடிக்கல்லுக்கு ஓரடி கீழே போயிருக்கிறது. லஸ்கர் அய்யா சொன்னதுதான். முதல் ஊரில் இரண்டு பேருக்குப் போன குறுவையில் வயலுக்குத் தண்ணீர் ஏறாமல் எஞ்சின் வைத்து இறைத்தார்களாம். அவர்களும் யாரிடமும் சொல்லவில்லை, தூர் வாரியதைக் குறை சொன்னதாக ஆகிவிடும் என்று. எங்கள் ஊரில் எடுக்காமல் விட்ட நேரம் அங்கே கூடுதலாகத் தோண்டப்பட்டு அவர்களுக்கும் கெடுதலாக முடிந்திருக்கிறது. இது எனக்கு இன்றைக்குத்தான் தெரியும்.

வடிகாலையும் பார்த்தோம். இரண்டு இடத்தில் குழாய் அடைத்திருக்கிறது. ஒரு அடைப்பு எங்கள் ஊர்க்காரர் வைத்தது. அதையும் நோட்டில் எழுதியிருக்கிறேன். அவர் இப்போது என்னோடு பேசவில்லை.

வாய்க்கால்மேடு
மார்ச் 8, இரவு 10.45

நான் சேர்க்க வேண்டியது கொஞ்சம். மதியம் சாப்பாடு நாலாவது ஊரில். போன வருஷம் 11 நாளும் சாப்பாடு எங்கள் தெருவில்தான் வெந்தது, எங்கள் தெருவில்தான் இலை போட்டோம். இது வரை அதை யோசித்ததில்லை.

ஏப்ரலில் கடைசி மதகில் ஆரம்பிப்பது என்று முடிவு. நூறு அடிக்கு ஒரு சாட்சித் திட்டு. ஒவ்வொரு நாளும் ஹிட்டாச்சி ஓடிய நேரக் குறிப்பில் இரண்டு ஊர்க்காரர் கையெழுத்து. நீர்வளத் துறை அலுவலகத்துக்கு எழுத்து மூலம் தெரிவித்து, வாய்க்காலின் மட்ட அளவைக் கேட்பது மூன்றாம்மதகின் பொறுப்பு. கணக்கை மார்ச் 22 கிராம சபையில் வாசிக்கலாம் என்று ஒருவர் சொன்னார். தேர்தல் வருகிற நேரம், சபை நடக்குமோ என்னவோ. நடக்காவிட்டால் டீக்கடை வாசலில் வாசிப்போம்.

எட்டு லோடு மண்ணுக்கு என்ன செய்வது என்பதில் இன்னும் சண்டை. திருப்பி அள்ளிக் கரையில் போட வேண்டும் என்கிறார்கள் இரண்டு பேர். விலை போட்டு என்னிடம் வாங்கிக் கணக்கில் சேர்க்க வேண்டும் என்கிறார்கள் நான்கு பேர். அரசாங்க மண்ணுக்கு நாம் எப்படி விலை போடுவது என்று கல்வெட்டுப்பிரியன் மாதிரி ஒருவர் எங்கள் ஊரிலும் இருக்கிறார். மாமா என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார். அடுத்த ஞாயிறு மறுபடி உட்காருகிறோம்.

பழையசோறு
மார்ச் 8, இரவு 10.52

சாப்பாட்டில் என்ன குழம்பு?

மூன்றாம்மதகு
மார்ச் 8, இரவு 10.58

கெண்டை மீன் குழம்பு. நம் வாய்க்கால் மீன் இல்லை, வாங்கியது. 640 ரூபாய், நோட்டில் ஏற்றியாயிற்று.